மாப்பிள்ளை தந்த துப்பாக்கியும் 150 ரூபாய் தெர்மாமீட்டரும்

முதலில் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. இதைப் படிக்க நேர்ந்தால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய அந்த நெற்றித் துப்பாக்கி (தொடாமலே நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர்) நல்ல மனசோடு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். பேரன் இங்கே வரும்போதெல்லாம் அவனைக் குளிப்பாட்டும் வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்க்கிறோம். அந்த வேலைக்கு அதற்குப் பத்துக்குப் பத்து. காய்ச்சல் பார்க்க மட்டும் அதை எடுப்பதில்லை. ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். கூடவே பேரனுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்த ஒரு ராத்திரி கைக்கு வந்த மற்ற சாமான்களுக்கும் மார்க் போட்டுவிடுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கோவில்பட்டி. பிப்பெட், ப்யூரெட் கழுவி வைத்ததும், உப்பு பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டியதும், செய்முறைத் தேர்வு நாட்களில் பரீட்சை எழுதும் பிள்ளைகளைவிட அதிகமாக வியர்த்ததும்தான் என் உத்தியோகம். அதில் ஒட்டிக்கொண்ட குணம் ஒன்று இன்னும் போகவில்லை. ஒரு கருவி எதையாவது காட்டினால் உடனே நம்ப மாட்டேன், பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பேன். வீட்டில் எனக்குச் ‘சந்தேகப் பிராணி’ என்றே பெயர். அந்த ஆடி வெள்ளிக்கிழமை மட்டும் சந்தேகமே வராமல் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

2025 ஆடி அது. மகள் பேரனோடு வந்திருந்தாள். அவனுக்குப் பத்து மாதம், எடை 8.2 கிலோ. சாயங்காலம் கேப்பைக் கூழ் இரண்டு வாய் வாங்கியவன் அப்படியே வெளியே தள்ளினான். குழந்தை கக்குவது சகஜம்தானே என்று துடைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் மறுபடியும். இந்தத் தடவை கக்கல் இல்லை, வயிற்றை எக்கி எடுத்த வாந்தி. என் மனைவி புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்து, “பிள்ளைக்கு மேலு சுடுதுடி” என்றாள். மகள் துப்பாக்கியை நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள். திரையில் 96.4.

“இல்லம்மா, காய்ச்சல் இல்ல. நீ அடுப்படியில நின்னுட்டு வந்த கையோட தொட்டுப் பாக்குற.”

இன்னும் இரண்டு முறை அழுத்தினாள். 95.9. 96.6. கருவியே சொல்கிறதே என்று நானும் தலையாட்டினேன். மனைவி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு துணியை நனைத்து நெற்றியில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் துப்பாக்கி. 94.1. “பாரு, இன்னும் குறைஞ்சிட்டு” என்றாள் மகள். ஈரத்துணியின் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறோம் என்பது லேபில் 31 வருஷம் குப்பை கொட்டிய எனக்கும் தோன்றவில்லை.

எட்டரை மணிக்கு மூன்றாவது வாந்தி. சட்டை மாற்றக் கையில் வாங்கினேன். பனியனைத் தாண்டி என் நெஞ்சு சுட்டது. அதற்கு மேல் பேசவில்லை. டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய், அங்கே இருந்ததிலேயே சாதாரணமான பேனா மாதிரி டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அக்குளில் வைத்தோம். 102.6.

துப்பாக்கி பொய் சொன்னதா என்றால், இல்லை. அதன் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் உடம்பு, இன்னொரு தட்டுக்குப் பொருள். பொருள் என்று வைத்தால் எதிரே இருக்கும் பரப்பின் சூட்டை அப்படியே காட்டும். தோலின் மேற்பரப்பு பொதுவாக உள்ளுடம்பைவிடக் குளிர்ச்சி. உடம்பு என்று வைத்தால்தான் அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுக் கூட்டிக் காட்டும். அன்று காலையில் வெந்நீர் பார்ப்பதற்காக மகள் பொருளுக்கு மாற்றியிருக்கிறாள், திருப்பி மாற்ற மறந்துவிட்டாள். திரையின் ஓரத்தில் கடுகளவு ஒரு படம் மாறியிருந்ததுதான் ஒரே அடையாளம். வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கடுகை யார் பார்ப்பார்கள்?

சரி, பொத்தானைச் சரியாக வைத்தால் தேறுமா? பேரன் தேறிய பிறகு, அடுத்த வாரம் என் நெற்றியிலேயே பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது 97.1. மத்தியானம் மொட்டை மாடியில் வற்றல் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கியதும் 99.3. முகம் கழுவியதும் 95.8. எல்லாம் அரை மணி நேரத்துக்குள். அதே நேரத்தில் 150 ரூபாய்ப் பேனா மூன்று தடவையும் 97.9ஐ விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவில்லை. துப்பாக்கியோடு வந்த தாளில், வியர்வை இருக்கக் கூடாது, ஃபேன் காற்று நேரே படக் கூடாது, வெளியே போய் வந்தால் அரை மணி பொறுக்க வேண்டும் என்று எல்லாம் எழுதித்தான் இருக்கிறது, எறும்பு எழுத்தில். கொரோனா காலத்தில் கடை வாசலில் ஆயிரம் பேரைச் சலித்து அனுப்ப இது உதவியிருக்கலாம். அழுது வியர்த்து, ஈரத்துணி போட்ட பத்து மாதப் பிள்ளைக்கு இது கூடாது. காய்ச்சல் பார்க்கும் வேலைக்குப் பத்துக்கு மூன்று. அதுவும் மாப்பிள்ளை முகத்துக்காக.

பேனாவையும் சும்மா விடவில்லை. ஓய்வு பெற்ற வாரம் சொந்தக் காசில் வாங்கிய சோதனைக்கூட வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது (அரசாங்கச் சொத்து இல்லை, ரசீது இருக்கிறது). ஒரு ஃப்ளாஸ்கில் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து, கண்மட்டத்தில் வைத்துப் படித்து, சரியாக 38 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். 38 செல்சியஸ் என்றால் 100.4 ஃபாரன்ஹீட். பேனாவின் நுனியை முக்கினேன், 100.2 காட்டியது. 150 ரூபாய்க்கு இதற்கு மேல் கேட்பது பேராசை.

குறைகளும் உண்டு. முதலாவது, அது சீக்கிரமே கத்திவிடுகிறது. அக்குளில் வைத்து முக்கால் நிமிஷம்கூட ஆகாமல் பீப் பீப் என்கிறது. எடுக்காமல் இன்னும் இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் 101.0 காட்டியது 101.5 ஆகிறது. ஆகவே பீப் சத்தத்தைப் பேரனுக்கு விளையாட்டுக் காட்ட விட்டுவிட்டு, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். நுனியின் வெள்ளி நிறப் பகுதி முழுக்கத் தோலில் படிய வேண்டும், பனியன் இடையில் மாட்டக் கூடாது, கையை மடக்கி உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனை மடியில் சாய்த்து, என் மூக்குக் கண்ணாடியை அவன் பிடுங்கக் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிஷம் கிடைக்கும். கண்ணாடிக் கால் வளைந்ததற்கு மார்க் குறைக்கவில்லை. அக்குளில் காட்டுவது உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறைதான் பெரியது. பேட்டரி மூடி லேசாக நகத்தால் தள்ளினாலே கழன்று வருகிறது. உள்ளே இருப்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன செல். தவழ்கிற பிள்ளை எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டுபோகும். அந்தச் செல்லை விழுங்கினால் காய்ச்சலைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே சிக்கிக்கொண்டால் உணவுக்குழாயையே அரித்துவிடும். மூடியின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று சுற்றிவிட்டேன். இதற்காக ஒரு மார்க் குறைத்துப் பத்துக்கு எட்டரை. மீதி அரை மார்க் அந்த அவசரப் பீப்புக்காக.

பழைய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்றும் பீரோவில் இருந்தது. அதே ஃப்ளாஸ்கில் அது கோட்டைத் தொட்டுக்கொண்டு 100.4 காட்டியது. துல்லியத்தில் அதுதான் ராஜா. ஆனால் லேபில் உடைந்த தெர்மாமீட்டர்களின் பாதரச முத்துகள் தரையில் ஓடி, அவற்றின் மேல் கந்தகப் பொடி தூவி அட்டையால் கூட்டி எடுத்தவன் நான். குழந்தை தவழும் வீட்டில் அது வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தப்படி 2020க்குப் பிறகு பாதரசத் தெர்மாமீட்டர் தயாரிப்பதையே உலகம் நிறுத்த ஒத்துக்கொண்டது. என்னுடையது பஞ்சு சுற்றி பீரோவின் மேல் தட்டில் ஓய்வெடுக்கிறது, என்னை மாதிரி.

இனி மெடிக்கல் கதை. தெர்மாமீட்டர் வாங்கும்போதே, “பிள்ளைக்கு வாந்தி, ஓ.ஆர்.எஸ். ஒண்ணு குடுப்பா” என்று கேட்டேன். வாந்தி, பேதியில் உடம்பு இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல் அது. கடைப் பையன் பளபளவென்று பழம் படம் போட்ட அட்டைப் பெட்டி பானம் ஒன்றை எடுத்து வைத்தான். பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். இருந்தது. “இதுதான் சார் எல்லாரும் வாங்குறாங்க, பிள்ளைங்க நல்லா குடிக்கும்.” நல்லாத்தான் குடிக்கும். திருப்பிப் பார்த்தேன். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை.

இந்த எண் எனக்கு ஏன் உறுத்தியது என்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவுதான்: குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5. இந்த நான்கு பாட்டில்களும் என் அலமாரியில் வருஷக்கணக்காக நின்றவை, லேபிள் என் கையெழுத்து. இந்தப் பெட்டிப் பானத்தின் சர்க்கரையை லிட்டருக்குக் கணக்கிட்டால் 110 கிராம். எட்டு மடங்கு!

சர்க்கரை கூடினால் என்ன, தெம்புதானே என்று கேட்பார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கில் குழி தோண்டி, அதில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, கிழங்கைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைக்கும் சோதனை ஒன்று உண்டு. கொஞ்ச நேரத்தில் குழிக்குள் மட்டம் ஏறும். வெளியே உள்ள தண்ணீரைக் கிழங்கு வழியாகச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். குடலிலும் அதேதான். அடர்த்தியான சர்க்கரைத் தண்ணீர் போனால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். அளவோடு இருந்தால் நேர் எதிர். குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும், அவை போகிற வழியில் தண்ணீரும் பின்னாலேயே போகும். உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள அந்த விகிதம்தான் மருந்து. ருசிக்காக அதைக் கலைத்தால் அது வெறும் ஜூஸ்.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பொடி பாக்கெட் குடு, ஒரு லிட்டருக்குக் கரைக்கிறது” என்றேன். பின்னால் எங்கிருந்தோ தூசி தட்டி எடுத்து வந்தான். 22 ரூபாய். அந்தப் பெட்டியின் விலையில் பாதிக்கும் கீழே. மூன்று மாதம் கழித்து, அக்டோபரில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்கிற குழந்தை மருத்துவர் எட்டு வருஷமாக இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார். செய்தியைப் பார்த்ததும் மகளைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். “போதும்ப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க” என்றாள்.

பாக்கெட்டைக் கொண்டுவந்ததும் வீட்டில் அடுத்த பிரச்சினை. என் மனைவி அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் போடப் போனாள். “கொஞ்சமாத்தான குடிக்கான், எதுக்கு ஒரு லிட்டர வீணாக்கணும்?” நியாயமான கேள்விதான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் எந்த ஸ்பூனில் எவ்வளவு உப்பு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அடர்த்தி கூடினால் உடம்பில் உப்பு ஏறிவிடும், அது குழந்தைக்கு ஆகாது. முழுப் பாக்கெட், முழு ஒரு லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீர், 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் செடிக்கு. சரி, ஒரு லிட்டரை எதில் அளப்பது? எங்கள் வீட்டில் ‘லிட்டர் செம்பு’ என்று இருபது வருஷமாக அழைக்கப்படும் செம்பு ஒன்று உண்டு. சந்தேகப் பிராணி விழித்துக்கொண்டது. மேலே ஒரு லிட்டர் என்று எழுதிய தண்ணீர் பாட்டிலால் அளந்தேன். ஒரு பாட்டில் முழுக்க ஊற்றிய பிறகும் செம்பில் கால் பாட்டிலுக்கு மேல் இடம் இருந்தது. இருபது வருஷமாக ரசத்துக்கு ஏன் உப்பு பத்தாமல் போனது என்பதும் அன்றுதான் விளங்கியது. இதை மனைவியிடம் அப்போது சொல்லவில்லை.

இந்தப் பாக்கெட்டைப் பற்றி இன்னொன்று. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதிகள் முகாமில் காலரா வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தபோது, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து டிரம்களில் வைத்து, வீட்டு ஆட்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, அவர் முகாமில் நான்குக்கும் கீழே வந்தது. 2022இல் அவர் காலமான பிறகு, 2023இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். தூசி தட்டி எடுத்துத் தந்த அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் முன்வரிசையில் வைத்திருப்பானா? கமிஷன் எதில் அதிகம் என்று அவனுக்குத் தெரியும். பாக்கெட்டுக்குப் பத்துக்குப் பத்து.

கரைத்தாயிற்று, ஊட்ட வேண்டும். மனைவி பாலாடையை எடுத்தாள். மகளுக்கும் அதில்தான் புகட்டினாள், இவனுக்கும் அதில்தான். வழக்கமான நாளில் பாலாடைக்கு நிகர் கிடையாது. வாந்தி நாளில் அது வேண்டாம். பாலாடையின் மூக்கைச் சாய்த்ததும் அதில் பாதி ஒரே மூச்சில் உள்ளே போனது, அதே வேகத்தில் என் வேட்டியில் திரும்பி வந்தது. பத்து நிமிஷம் விட்டோம். அப்புறம் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்றை (ஆறு ரூபாய், தெர்மாமீட்டரோடு வாங்கியது) எடுத்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கடிகார முள்ளைப் பார்த்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சிரிஞ்சு. சும்மா சொல்லக் கூடாது, அவன் முகத்தைச் சுளித்தான், உதட்டைப் பூட்டினான், சிரிஞ்சைக் கடித்தான். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். பேரேட்டு நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டு வந்தேன். ஒரு மணி நேரத்தில் முப்பது சிரிஞ்சு, 150 மில்லி. இடையிடையே தாய்ப்பாலும் கொடுத்தாள், அதை நிறுத்தவே இல்லை. அந்த ஆறு ரூபாய்ச் சிரிஞ்சுதான் என்னைக் கேட்டால் ராத்திரியின் கதாநாயகன்.

இதற்கு நடுவில் டாக்டரைப் பார்க்க முயலாமல் இல்லை. ஒன்பது மணிக்குத் தனியார் கிளினிக் ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) போன் செய்தோம். “டோக்கன் நாலு மணிக்கே முடிஞ்சிருச்சு, நாளைக்குச் சாயங்காலம் போடுங்க.” பத்து மாதப் பிள்ளை, 102 காய்ச்சல், நாலு வாந்தி என்றேன். “நாளைக்குப் போடுங்க சார்.” மார்க் போட விடைத்தாளே இல்லை.

104க்கு அடித்தேன். தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எடுத்த பெண் காய்ச்சல் எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே கேட்டது, “கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனான்?” எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை! மகள் ஐந்து மணி என்றாள், மனைவி ஆறரை என்றாள். டயப்பர் போட்டிருந்ததால் வந்த வினை. அப்புறம் வாந்தி பச்சையாக இருக்கிறதா, ரத்தம் உண்டா, அழுதால் கண்ணீர் வருகிறதா, உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இதில் ஒன்று தப்பாக இருந்தாலும், வலிப்பு வந்தாலும், கொடுப்பது எதுவும் தங்காமல் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஒன்றுக்குப் போகாமலே இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றது. டயப்பரைக் கழற்றித் துணி கட்டிவிட்டோம். நோட்டில் ‘ஒ’ என்று ஒரு பத்தி புதிதாகப் போட்டேன்.

அடுத்த பயம் காய்ச்சல் மருந்தில் வந்தது. மகளிடம் ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சொட்டு மருந்து இருந்தது. அவன் எடைக்கு ஒரு வேளைக்கு 1 மில்லி, ஆறு மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது என்று சீட்டில் தெளிவாக இருந்தது. மகள் துணி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி அந்தச் சொட்டு மருந்தை 5 மில்லி மூடியில் ஊற்றிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படித்தான் ஊற்றினார்களாம். அது சிரப், 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். அந்த மூடி உள்ளே போயிருந்தால் 500, அதாவது பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை, எட்டு கிலோ உடம்புக்கு. கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் முகம் வெளுத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை. இரண்டு பாட்டிலிலும் ஒரே பழம், ஒரே நிறம், ஒரே பெயர். இப்படித் தயாரிப்பவர்களுக்கு மார்க் போட என் கை வரவில்லை. இப்போது எங்கள் வீட்டுச் சொட்டு மருந்தின் மேல் என் கையெழுத்தில் லேபிள் இருக்கிறது: ‘சொட்டு. 1 மில்லி மட்டும்.’

பதினோரு மணிக்கு மனைவி, “குடல் ஏறியிருக்குங்க, தெக்குத் தெரு ஆச்சியைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லுவோம்” என்றாள். தலைகீழாகப் பிடித்துக் காலைத் தட்டுவார்கள். தொக்கம் (வயிற்றில் சிக்கியதாகச் சொல்வது) எடுக்கிற ஆள் ஒருவரையும் நினைவுபடுத்தினாள். வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்தால் எடுப்பது மூச்சுக்குழாய்க்குள் போகும், அதற்கு மட்டும் விட மாட்டேன் என்றேன். சுற்றிப் போடுகிறேன் என்றாள். அதற்குத் தடை சொல்லவில்லை. உப்பு, மிளகாய் எடுத்து மூன்று தரம் சுற்றினாள். நெருப்பில் போடுவதை மட்டும் தெருவில் போய்ச் செய் என்றேன். நெடி இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் இல்லையா.

ராத்திரி மூன்று வரை வாந்தி இன்னும் ஒரு முறை, பேதி இரண்டு முறை. ‘ஒ’ பத்தி காலியாகவே கிடந்தது. நாலரைக்கு ஆட்டோ சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டியில் சின்ன வயசு டாக்டரம்மா. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார், உடனே படிந்தது. உச்சிக்குழியைத் தடவினார். நோட்டை வாங்கி, கோடுகளைக் கூட்டி, “யார் போட்டது இது?” என்றார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் மாதிரி. “ட்ரிப்ஸ் போடலையா டாக்டர்?” என்று மனைவி ஏமாற்றத்தோடு கேட்டாள். “வாயால இறங்குதேம்மா, இதுதான் ட்ரிப்ஸ்” என்றார். பேதிக்காக 14 நாளைக்கு ஜிங்க் எழுதினார். ஐஸ் தண்ணீர் துணி போட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும் என்றார். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: இதே காய்ச்சல் மூன்று மாதம் நிரம்பாத பிள்ளைக்கு 100.4 வந்திருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் அந்த நேரமே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் மடி நனைந்தது. ராத்திரி முழுக்க வாந்தி வாங்கிய வேட்டிதான், ஆனால் இது வேறு சூடு. எழுதுகிற பேனாவைத் தேடி நோட்டில் எழுதினேன்: ‘5.10 - ஒ. நிறைய.’

பொங்கலுக்கு வருகிறார்கள். பிஸ்கட் டப்பாவில் நான்கு பொடி பாக்கெட், காலாவதித் தேதி பார்த்து, இரண்டு சிரிஞ்சு, டேப் சுற்றிய பேனா எல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளையின் துப்பாக்கியை எடுத்துப் பார்த்தேன், பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. இரண்டு பென்சில் செல் வாங்கிப் போட வேண்டும், அவனைக் குளிப்பாட்டணுமே.